சேமித்தால் மறையும் வரி

"கையை எடுக்கா, நான் பாத்துக்கறேன்..."

"நீ பாத்துக்கிட்டதாலதான்டா இந்தக் கதி! தள்ளு!"

"ஒரு நிமிஷம் பேச விடேன்..."

"பேசு. கீபோர்டை விட்டுட்டு வாயால பேசு."

தம்பியை நாற்காலியோடு தள்ளிவிட்டு அக்கா தன் கணினி முன் உட்கார்ந்தாள். மருத்துவமனைகளுக்கு அழைப்பு மணி செய்துதரும் சின்ன அலுவலகம் அது. நோயாளி கட்டிலோரப் பட்டனை அமுக்கினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்க வேண்டும். மதியத்திலிருந்து அடிக்கவில்லை. ஊரின் மறுகோடியிலிருந்த மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் போனில் கத்தித் தீர்த்துவிட்டிருந்தாள்: "நாங்க ரெண்டே பேரு! கட்டில் கட்டிலா ஓடிட்டு இருக்கோம்!"

அந்த வார்டில்தான், ஜன்னலோரக் கட்டிலில், வயிற்றில் தையலோடு அப்பா படுத்திருந்தார்.

"காலைல புரோகிராம் எழுதுற எடிட்டர்ல என்னத்தடா போட்ட?"

"ஒரு பிளகின், எடிட்டரோட சேர்த்துக்கிற குட்டிக் கருவி. மத்த கோப்புகளைக் கூப்பிட மேல எழுதுற இம்போர்ட் வரியெல்லாம் அழகா அடுக்கித் தரும். பயன்படாத வரியைச் சேமிக்கும்போதே எடுத்துடும்."

"மணியை எழுப்புற கோப்பைக் கூப்பிடுற வரியையும் எடுத்துடுச்சு!"

"அந்தப் பேரை வேற எங்கயுமே நாம எழுதலையே!"

"எழுத வேண்டாம்டா. அதைக் கூப்பிட்டு உட்கார வெச்சாலே போதும், தானா வேலை பாக்கும். உன் பிளகினுக்கு அது தண்டச்சோறாத் தெரிஞ்சிருக்கு. மதியம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாத்தியா இல்லையா?"

"ஓடிச்சுக்கா. ஒரு தப்புகூட காட்டல."

"பட்டனை அமுக்கிப் பாத்தியா?"

அவன் மேசை விளிம்பைச் சுரண்டினான். இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே அவள்தான்.

அக்கா அந்த வரியை அடித்தாள். சேமித்தாள். வரி காணாமல் போனது. மறுபடி அடித்தாள். மறுபடி போனது.

"முழுங்குதுடா! என் மெஷின்லயும் முழுங்குது!"

"பிளகினோட அமைப்பை, நாம எல்லாரும் எடுத்து வேலை பாக்குற புராஜெக்ட்டுக்குள்ளயே வெச்சிட்டேன். எல்லாருக்கும் உதவியா இருக்கும்னு..."

"நல்ல உதவி! ஊருக்கே சேர்த்து மொட்டையடிச்சிருக்க. நிறுத்து அதை!"

அவன் குனிந்து அமைப்புக் கோப்பில் அந்த வசதியை அணைத்தான். அவள் அடித்துச் சேமித்தாள். இருவரும் திரையையே பார்த்தார்கள். வரி நின்றது.

உடனே திருத்தியதை வார்டுக் கணினிக்கு அனுப்பினாள். எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் பச்சைப் பட்டை திரையில் கொஞ்சம் நகர்ந்தது, பாதியில் நின்றது.

"ஏன் நிக்குது?"

"அங்க நெட் மெதுவா இருக்கும். வாயை மூடிட்டு அப்பாவுக்குப் போன் போடு."

"அவர் போன் உன் பையிலதானக்கா இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி நீதான வாங்கி வெச்ச?"

அவள் நர்ஸ் மேசை எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. கட் ஆனது. மறுபடி அழுத்தினாள்.

"எடுக்கலையா?"

"அடிக்குது."

"நேத்து அவர்கிட்ட என்ன சொல்லிட்டு வந்த?"

"எது வேணும்னாலும் எழுந்துக்காதீங்கப்பா, பட்டனை அமுக்குங்க, நம்ம மணி, ஓடி வருவாங்கன்னு சொன்னேன்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு. உங்க ரெண்டு பேரையும் நம்பித்தான படுத்திருக்கேன்னாரு."

பட்டை அசையவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா, அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு, யாரும் வரலைன்னா, அவரே கட்டிலை விட்டு இறங்கப் பாப்பாரா?"