பணியாளர் ஒருவர் கூறியபடி

நாலு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கேட்டு. லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த அந்த அரசுத் தொடக்கப்பள்ளி அவ்வளவுதான். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாற்பத்தொரு பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியையைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள், இன்னொருவரைச் சின்ன சார். கூட்டிப் பெருக்கி, கழிப்பறை கழுவி, தண்ணீர் பிடித்து வைத்து, வேளா வேளைக்கு மணியும் அடிக்கிறவள் மணியக்கா. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. புருஷன்கூட ‘மணியக்கா வீட்டுக்காரர்’ என்றுதான் தெருவில் அறியப்பட்டார்.

அந்தத் தெருக்களில் முக்கால்வாசிப் பேர் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளை எழுப்பிவிட வீட்டில் ஆள் இருக்காது. அதனால் ஒன்பது மணிக்கு மணி அடிக்கும்போது பாதி பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். பெரிய டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து நாற்பத்தொரு பேருக்கும் வந்ததாகக் குறித்து, ஒன்பதேகாலுக்குள் ஃபோனில் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டுவார்.

"எப்படியும் கூட்டிட்டு வரத்தான போறேன், அப்புறம் என்ன?" என்பார்.

உண்மையில் கூட்டிக்கொண்டுதான் வந்தார். கதவு கதவாகத் தட்டி, எழுப்பி, முகம் கழுவிவிட்டு, தலை வாரிவிட்டு, முக்கால் மணி நேரத்தில் திரும்பும்போது அவர் பின்னால் பதினைந்து இருபது பேர் கொட்டாவி விட்டுக்கொண்டே வருவார்கள். காய்ச்சல்காரர்களைத் தவிர ஒருவரும் பாக்கி இருக்க மாட்டார்கள். அதுவரை நாலும் ஐந்தும் சின்ன சாரிடம். முதல் மூன்று வகுப்பும் மணியக்கா பொறுப்பு. அவளுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகத் தெரியும். அதற்கு மேல் பிள்ளைகள் கேட்டால், "அதெல்லாம் சம்பளம் வாங்குறவங்களைக் கேளு" என்று தப்பித்துக்கொள்வாள்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். ஒல்லிக்குச்சி, ஆனால் வாய் மட்டும் ஊருக்குப் பெரிசு. எட்டு மாதத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அவளால் வர முடியாமல் இருந்தது. "அவனையும் தூக்கிட்டு வாடி" என்று சொல்லிவிட்டார் டீச்சர். தம்பி மணியக்காவின் சாமான் அறையில், மடித்த கோணிமேல் துணி விரித்துத் தூங்குவான். அக்காக்காரி பக்கத்து அறையில் படிப்பாள்.

முந்தின வருஷம் பள்ளிகளுக்கெல்லாம் மதிப்பெண் போட்டார்கள். நூற்றுக்கு ஐம்பது வாங்க வேண்டும். இவர்கள் வாங்கியது நாற்பத்தாறு. இந்த வருஷமும் ஐம்பது வராவிட்டால் பள்ளியை மூடி, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அந்த ஒரு வருஷம் பெரிய டீச்சரும் சின்ன சாரும் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். சாயங்காலம் ஐந்தரை வரை வாசிக்க வைத்தார்கள். எழுத்துக்கூட்டித் திணறிய பிள்ளைகள் சுவரொட்டி, மருந்து டப்பா, லாரியின் முதுகு என்று கண்ணில் பட்டதையெல்லாம் கத்தி வாசித்துத் தெருவையே இம்சை பண்ணினார்கள்.

மதிப்பிட வந்தவர் ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசினார். பிள்ளைகள் பெஞ்சிலேயே முட்டி இடிக்க உட்கார்ந்து ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த ஒல்லிக்குச்சி ஒரு பக்கம் முழுக்க மூச்சு விடாமல் வாசித்துவிட்டு, "இன்னொண்ணு வாசிக்கட்டா மேடம்?" என்றபோது அவர் சிரித்தேவிட்டார். பெரிய டீச்சர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் மணியக்கா தொட்டியடியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் வந்து பக்கத்துத் திட்டில் உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பன்னெண்டு ஆச்சு மேடம்."

"உங்க டீச்சர் எப்படி?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தவள் மாதிரி மணியக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவங்களை மாதிரி ஒருத்தரைப் பாக்க முடியாது மேடம். மணி அடிச்சா மத்தவங்க நாற்காலியில உக்காருவாங்க. இவங்க வீடு வீடா போவாங்க. தூங்குற பிள்ளைங்களை எழுப்பிக் கையோட கூட்டிட்டு வருவாங்க. நாற்பத்தொண்ணுன்னு எழுதினா நாற்பத்தொண்ணு இருக்கும்."

"எழுதிட்டுத்தான் போவாங்களா?"

"ஆமா. ஒன்பதேகாலுக்கு அனுப்பிடணுமே."

"அந்த நேரம் வகுப்புல யாரு?"

"நான்தான்! வாய்ப்பாடு சொல்ல வெச்சிடுவேன். ஒரு சத்தம் வராது."

"நிஜமாவா?" என்று கேட்டார் அம்மாள். குரல் தாழ்ந்திருந்தது. மணியக்கா அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டாள். தம்பியைத் தூக்கி வந்து படிக்கும் பெண்ணைப் பற்றியும் சொன்னாள். கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போய்ச் சாமான் அறையில் தூங்கிய குழந்தையைக் காட்டினாள். அம்மாள் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். அலமாரியில் கழிப்பறை கழுவும் திரவம் இருந்தது. அதையும் பார்த்தார்.

வராந்தாவில் வந்துகொண்டிருந்த சின்ன சார் அங்கேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. ஏன் என்று மணியக்காவுக்கு அப்போது புரியவில்லை.

அன்று சாயங்காலம் பெரிய டீச்சர் தன் கையால் டீ போட்டார். "பாஸ் பண்ணிட்டோம் மணி. கிளம்பும்போது அந்தம்மா கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, பாத்தியா?" என்றார். மணியக்காவும் பார்த்திருந்தாள். சின்ன சார் மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

இருபதாம் நாள் அறிக்கை வந்தது. டீச்சர் படித்துவிட்டு, மேஜைமேல் வைத்துவிட்டு, வகுப்புக்குப் போய்க் கணக்கு நடத்தினார். மணியக்கா மேஜையைத் துடைக்கிற சாக்கில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கற்றல்: ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று. அவளுக்கு நெஞ்சு பூரித்தது. அடுத்தது, வருகைப் பதிவின் நம்பகத்தன்மை: இருபத்தைந்துக்குப் பூஜ்யம். பாதுகாப்பும் மேற்பார்வையும்: இருபத்தைந்துக்குப் பூஜ்யம். அதற்குக் கீழே இப்படி இருந்தது: ‘பள்ளிப் பணியாளர் ஒருவர் கூறியபடி, மாணவர் வருவதற்கு முன்பே வருகை பதியப்படுகிறது. வகுப்புகள் ஆசிரியரின்றி விடப்படுகின்றன. சேர்க்கையில் இல்லாத கைக்குழந்தை, அபாயகரமான பொருட்கள் உள்ள அறையில் வைக்கப்படுகிறது.’

அவள் அதை இரண்டாம் முறை படித்தாள். தான் சொன்னதும் காட்டியதும்தான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் மாலையாகக் கட்டிக் கொடுத்ததை அவர்கள் கயிறாகத் திரித்திருந்தார்கள்.

டீச்சர் திரும்பி வந்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"பணியாளர் ஒருவராம். நம்ம சின்ன சாரு மாறுதல் கேட்டு எழுதிப் போட்டது எனக்குத் தெரியும். அதுக்காக இப்படியா, மணி?"

‘அவர் இல்ல டீச்சர், நான்’ என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். மணியக்கா வாயைத் திறந்தாள். "டீ போடட்டுமா டீச்சர்?" என்றுதான் வந்தது.

மறுநாளிலிருந்து டீச்சர் சின்ன சாரோடு பேசுவதை நிறுத்தினார். சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி மணியக்காவிடம் கொடுத்தனுப்பினார். அந்தச் சீட்டைச் சின்ன சார் கையில் கொடுக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை கூசியது. அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்வார்.

ஒரு நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, மதிப்பீட்டு அலுவலகத்தைத் தேடிப் போனாள். அந்த அம்மாளுக்கு அவளை உடனே அடையாளம் தெரிந்தது. நாற்காலி போடச் சொன்னார்.

"நான் சொன்னதை அழிச்சிடுங்க மேடம். தெரியாம சொல்லிட்டேன்."

"பொய்யா சொன்னீங்க?"

"இல்ல."

"அப்போ எதைன்னு அழிக்கிறது?"

அம்மாள் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி, கடைசிப் பக்கத்தைக் காட்டினார். ‘பிற குறிப்புகள்’ என்ற தலைப்புக்குக் கீழே நீளமாக எழுதியிருந்தது. ‘இப்படி ஒரு தலைமையாசிரியரை என் பணிக்காலத்தில் கண்டதில்லை. இவர் இல்லாவிட்டால் இப்பிள்ளைகளில் பலர் எந்தப் பள்ளிக்கும் செல்லமாட்டார்கள்.’

"இதுக்கு எத்தனை மார்க்கு மேடம்?"

"இதுக்கு மார்க் கிடையாதும்மா," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "அந்தத் திரவத்தை அந்தக் குழந்தை ஒரு நாள் குடிச்சிருந்தா? அதையும் நான்தான பாக்கணும்."

அதுவும் சரியாகத்தான் பட்டது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் திரும்பினாள்.

அறிக்கை வந்த நாலாம் வாரம் பள்ளியை மூடினார்கள். பெஞ்சுகளை வண்டியில் ஏற்றிப் போனார்கள். பொய்யாக வருகை பதிந்ததற்காகப் பெரிய டீச்சரை வகுப்பிலிருந்து எடுத்து, அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற வேலைக்குப் போட்டார்கள். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. சின்ன சார் கேட்ட மாறுதல் கிடைத்திருந்தது. விடைபெற வந்து டீச்சர் மேஜை முன்னால் நின்றார்.

"போயிட்டு வரேன் டீச்சர்."

டீச்சர் தலை நிமிரவில்லை. "இனிமே எங்க வேலை பாத்தாலும், கூட இருக்கிறவங்களுக்குக் குழி பறிக்காம இருங்க," என்றார்.

சின்ன சார் வெளியே வந்தார். மணியக்கா தொட்டியடியில் அழுதுகொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்ல சார்? நான் உள்ள போய்ச் சொல்லிடுறேன்."

"வேணாங்க்கா," என்றார் அவர். "நான் போயிடுவேன். அவங்களுக்கு நீங்களாவது மிச்சம் இருக்கட்டும்."

அவர் கேட்டைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றும் சொல்லவில்லை.

பெரிய பள்ளியில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். நாற்பத்தொரு பேரில் முப்பத்திரண்டு பேர் அங்கே வந்தார்கள். மற்றவர்களைத் தேடி முதல் வாரமே அவள் தெருவுக்குப் போனாள். ஒல்லிக்குச்சி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். இருவரையும் அழைத்துக்கொண்டு மெயின் ரோட்டைக் கடந்து போனாள். ஒன்பதேகாலுக்கு மேல் கேட்டைத் திறக்கக்கூடாது என்றார் காவலாளி. மணியக்காவை மட்டும் விட்டார். குழந்தையை உள்ளே விடவே முடியாது என்றார்.

"நீ போக்கா, உனக்கு வேலைக்கு நேரமாச்சு," என்றாள் அந்தப் பெண். தம்பியை இடுப்பு மாற்றிக்கொண்டு, சாலையில் இரண்டு பக்கமும் பார்த்து, தானே கடந்து போனாள்.

அன்று சாயங்காலம் மணியக்கா நேராகப் பெரிய டீச்சர் வீட்டுக்குப் போனாள். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டியடியில் பேசியது, அலுவலகம் போனது, சின்ன சார் கடைசியாகச் சொன்னது.

டீச்சர் முழுவதையும் கேட்டார். பிறகு ஃபோனை எடுத்தார். அந்தப் பக்கம் சின்ன சார் குரல் கேட்டது. "சார்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. "மன்னிச்சிடுங்க சார்," என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை நின்றுபோனார். அவர் என்னவோ ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தது மணியக்கா வரை லேசாகக் கேட்டது.

ஃபோனை வைத்துவிட்டு, "அந்தம்மாகிட்ட நீ சொன்னதுல தப்பே இல்ல, மணி," என்றார். "என்னைப் பத்திப் பெருமையாத்தான் சொன்ன. தெரியுது. ஆனா நாலு வாரம். எனக்கு டீ போட்டுக் குடுத்துட்டு, நான் அவரைப் பேசின பேச்சையெல்லாம் கேட்டுட்டு, என் பக்கத்துலயே நின்னியே."

"பயமா இருந்துச்சு டீச்சர். நீங்க என்னை வெறுத்துடுவீங்கன்னு."

"வெறுக்கல. ஆனா கொஞ்ச நாள் இங்க வராத. உன்னைப் பாத்தா எனக்கு, போயிட்டு வரேன்னு அவரு வந்து நின்னதுதான் ஞாபகம் வரும்."

டீச்சர் அதன்பின் கூப்பிடவில்லை. மணியக்கா டீச்சர் வீட்டுத் தெரு வழியாகப் போவதைத் தவிர்த்து, சுற்றுப் பாதையில் வேலைக்குப் போய் வந்தாள். வீட்டுக்காரர் ஒரு முறை, "போய்க் கால்ல விழுந்துடேன்," என்றார். "கால்ல விழுந்தா தூக்கித்தான் விடுவாங்க. மனசு ஆறுறது வேற," என்றாள்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு கையெழுத்துக்காக அவளை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். நீளமான அறை. ஜன்னலில்லாத மூலையில், கட்டுக்கட்டாகக் கோப்புகளுக்கு நடுவே டீச்சர் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். மணியக்கா பேசாமல் திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது டீச்சர் பார்த்துவிட்டார்.

"எத்தனை பேரு வரல?" என்று கேட்டார். நலம் விசாரிக்கவில்லை.

"ஒன்பது, டீச்சர்."

"யார் யாரு?"

மணியக்கா ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். டீச்சர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் மெல்லத் தலையை ஆட்டினார். ஒல்லிக்குச்சியின் பெயர் வந்தபோது மட்டும் கையிலிருந்த பேனாவை மூடினார்.

"சரி, நீ போ," என்றார் டீச்சர். அடுத்த கோப்பின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.