எங்கள் கூரைமேல் ராஜாவின் மரம்

ஓய்வுநாளின் இரண்டாம் பிரசங்கம் முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது வெள்ளைப் பைன் மரம் கூரைமேல் கிடந்தது.

புகைபோக்கி உடைந்திருந்தது. மரம் படுக்கையறையைப் பிளந்துகொண்டு அடுப்புவரை வந்திருந்தது. பரணில் வைத்த மக்காச்சோளம் மழையில் நனைந்துகொண்டிருந்தது. எனக்கு எட்டாம் மாதம்.

என் கணவர் ஜோதம் ஹாட்லாக் சபையில் டீக்கன். தொப்பியைக் கழற்றிவிட்டு மரத்தின் அடியைப் பார்த்தார். மூன்று கோடரி வெட்டுகள், கோழிக்கால் போல. இங்கிலாந்து ராஜாவின் அம்புக்குறி. நியூ ஹாம்ப்ஷயரில் அந்தக் குறி விழுந்த மரம் யார் நிலத்தில் நின்றாலும் ராஜாவின் கப்பலுக்குப் பாய்மரம்.

இந்த நிலத்தைத் திருத்தியபோது சுற்றியிருந்த மரங்களையெல்லாம் ஜோதம் வெட்டினார். குறி போட்டதை மட்டும் தொடவில்லை. தவறிக் கோடரி பட்டுவிடக் கூடாதென்று அதைச் சுற்றி வேலி போட்டார். கூட்டத்தில் வளர்ந்த மரம் அது. துணை போன பிறகு காற்றைத் தாங்க அதற்குத் தெரியவில்லை.

மறுநாள் பக்கத்துப் பண்ணை அசாயேல் வந்தான்.

"டீக்கனய்யா, ரம்பத்த எடுங்க. சாயங்காலத்துக்குள்ள துண்டு போட்டுடலாம்."

"அது ராஜா மரம்."

"செத்த மரம்யா. விழுந்து கெடக்கு."

"விழுந்தாலும் அவரோடதுதான். போர்ட்ஸ்மத்துல காட்டு அதிகாரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். வந்து பாக்கட்டும்."

"பாஸ்டன்ல உங்க ராஜா துறைமுகத்தையே பூட்டிட்டான். இங்க உங்க வீட்டுக்குள்ளயே வந்து படுத்துட்டான். இன்னும் மரியாதையா?"

"பாஸ்டன்காரன் தேயிலைய எடுத்துக் கடல்ல கொட்டினான். நான் எதையும் கொட்டல."

அசாயேல் என்னிடம் திரும்பினான். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

சொல்லிப் பார்த்தாயிற்று.

மாடுகளை விட்டுவிட்டு எங்கே போவது? தொழுவத்துக்கே குடிபோனோம். வைக்கோல் பக்கத்தில் தீ மூட்ட முடியாது. வெளியே கல் கூட்டிச் சமைத்தேன். நனைந்த சோளம் முளைவிட்டது. பன்றிக்குக் கொட்டினோம். ஜோதம் காலையில் சாலையைப் பார்த்தார். மாலையில் வேதம் வாசித்து, ராஜாவின் நலனுக்காக ஜெபித்தார். ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நிலம் உறைய ஆரம்பித்த பிறகுதான் காட்டு அதிகாரியின் ஆள் கிட்ரிட்ஜ் வந்தான். மரத்தை நுனிவரை அளந்தான். பட்டையைத் தட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஒரு விரிசல் இல்ல. பாய்மரம் சாய்க்கறப்ப அடியில கெளையும் தழையும் பரப்பி விழவைப்போம். இதுக்கு உங்க வீடே மெத்தையாயிடுச்சு."

"எப்ப எடுப்பீங்கய்யா?" என்றார் ஜோதம்.

"பனி கனமா விழணும். அப்பதான் முழுசா இழுக்க முடியும். எருது சேக்கணும். ஜனவரி ஆகும். பிப்ரவரின்னே வெச்சுக்குங்க."

"நடுவுல ஒரு துண்டு மட்டும் அறுத்துட்டா..."

"அறுத்தா அது விறகு. ரம்பத்துல ஒரு பல்லு பட்டாலும் குத்தம்."

"பிரெஞ்சுக்காரன் சண்டையில ராஜாவுக்காக ரெண்டு கால்விரல் குடுத்தவன் நான்."

"இந்த மரம் முழுசா தன்னையே குடுக்கப்போகுது டீக்கன். வெரலோட நிறுத்தாது."

ஜோதம் தலைகுனிந்தார்.

"என் வயித்தப் பாருங்க," என்றேன். "ஜனவரி வரைக்கும் இது காத்திருக்குமா?"

பார்த்தான். சிரித்தான். "அதுக்கென்னம்மா? தொழுவத்துலதானே இருக்கீங்க. இரட்சகரே அங்கதான் பொறந்தாரு. டீக்கன் வீட்டுக்கு இதவிடப் பொருத்தம் ஏது?"

ஜோதம் தொழுவத்துக்குள் போனார். இருவர் இழுக்கும் ரம்பத்தோடு வந்தார். மரத்தருகே மண்டியிட்டார். ஜெபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ரம்பத்தைப் பட்டைமேல் வைத்தார்.

"மெஹிடா, அந்தப் பக்கம் புடி."

குனிய முடியவில்லை. இடிந்த சுவர்மேல் உட்கார்ந்து பிடித்தேன். இழுத்தேன். என் வீட்டின் கல்லையும் என் படுக்கையின் கட்டையையும் நினைத்து இழுத்தேன். மரத்தூள் என் மடியில் கொட்டியது.

"டீக்கன், நிறுத்துங்க! ஷெரீஃபோட வருவேன்!"

ஜோதம் நிமிரவில்லை. குதிரை போகும் சத்தம் கேட்டது.

விடிந்ததும் அசாயேல் ஊர் ஆட்களோடு வந்தான். அடையாளம் தெரியக் கூடாதென்று எல்லாருமே முகத்தில் கரி பூசியிருந்தார்கள். நடையைப் பார்த்தே ஒவ்வொருவரும் யாரென்று எனக்குத் தெரிந்தது.

"பிரசங்கத்துல தூங்குறவன்லாம் இன்னைக்கு வெள்ளனவே முழிச்சுட்டான் டீக்கனய்யா," என்றான் அசாயேல். கரிச்சட்டியை நீட்டினான். "உங்களுக்கும் கொஞ்சம்."

"வேண்டாம். என் மூஞ்சி தெரியட்டும்."

என்னை எழுப்பிவிட்டு அசாயேல் என் இடத்தில் உட்கார்ந்தான்.

மதியம் மரம் இரண்டானது. அடித்துண்டைக் கூரையிலிருந்து உருட்டித் தள்ளியபோது கிட்ரிட்ஜ் ஷெரீஃபோடு வந்தான். கரிமுகங்களைப் பார்த்த ஷெரீஃப் வேலிக்கு அப்பாலேயே குதிரையை நிறுத்திக்கொண்டார். கிட்ரிட்ஜ் மட்டும் உள்ளே வந்தான். அசாயேல் அவன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தான். இன்னொருவன் அவனை அடிக்க வேலியோரம் மிலாறு ஒடித்தான்.

கிட்ரிட்ஜ் ஷெரீஃபைத் திரும்பிப் பார்த்தான்.

"ராஜா பேரைச் சொல்லிக் கேக்கறேன், வழி விடுங்க."

யாரும் நகரவில்லை. ஜோதம் அடுத்த துண்டின்மேல் ரம்பத்தை வைத்தார்.

"அப்ப இந்த ஊருக்கு ராஜா யாரு, டீக்கன்?" என்றான் கிட்ரிட்ஜ்.

ஜோதம் ரம்பத்தை இழுத்தார்.