ஜெசீகா கொண்டுபோன பட்டப்பெயர்

டீச்சர் வரச் சொன்னார் என்றதும் பரிசு விசயமாகத்தான் இருக்கும் என்று ஈஸ்டருக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். என் மகள் ஜெசீகா நாலாம் வகுப்பில் முதல் பிள்ளை. வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்?

"நிலுக்ஷி ஒன்பது நாளா ஸ்கூலுக்கு வரல" என்றார் றமீலா டீச்சர். "அவ வாசிக்க எழும்பினா பிள்ளைங்க எல்லாம் ஆந்தை மாதிரி கத்துறாங்க. ஊமைக்கோட்டான்னு பேர் வச்சது ஜெசீகாதான்."

என் முகத்தில் ஈயாடவில்லை. நிலுக்ஷி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வரிசைவீட்டுப் பிள்ளை. பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொள்வாள். அதற்காகச் சிரிப்பதா? ஹல்துமுல்லை ரோட்டிலிருந்து லயம் வரைக்கும் மகளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"எங்கடி கத்துக்கிட்ட அந்தப் பேர?"

"நீங்கதாம்மா சொல்லுவீங்க, விஜயா அத்தைய."

விஜயா நிலுக்ஷியின் அம்மா. என்னோடு கொழுந்து எடுப்பவள். அவளுக்கும் திக்குவாய், அதனால் வாயே திறக்க மாட்டாள். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு வந்து நின்றால், "ஊமைக்கோட்டான் வந்தாச்சு, இனி மழைதான்" என்பேன். கங்காணி முதல் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

"அது சும்மா வெளையாட்டுக்குடி."

"நானும் வெளையாட்டுக்குத்தாம்மா சொன்னேன்."

வாய்க்கு வாய் பேசுகிறாளே என்று கோபம் வந்தது. நேரே விஜயா வீட்டுக்கு இழுத்துப் போனேன். நிலுக்ஷி கதவோரம் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேளுடி மன்னிப்பு" என்று ஜெசீகாவை முன்னே தள்ளினேன்.

"இனி சொல்ல மாட்டேன், நிலு. மத்தவங்க கத்துவாங்களா, எனக்குத் தெரியல. ஆனா நீ வாசிக்கிறப்ப நான் உன் பக்கத்துல நிப்பேன்."

நிலுக்ஷி யோசித்தாள். "மு... முடியிற வரைக்கும் நிப்பியா?"

"நிப்பேன்."

"அப்ப தி... திங்கக்கிழம வாறேன்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. வந்த வேலை முடிந்தது என்று திரும்பினேன்.

"அவளுக்கு ஒ... ஒம்பது நாளு, அக்கா" என்றாள் விஜயா. "எனக்கு ஏ... ஏழு வருசம்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

ஜெசீகா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"கேளுங்கம்மா."