பழசு, புதுசு, மிச்சம்

தையல்காரி தன் புருஷனிடம் "உன்னைத் தவிர எனக்கு வேற யாரும் வேணாம்" என்று சொன்ன மத்தியானம், அவன் முதுகு நடுவில் பிரிந்து உள்ளேயிருந்து வேறொரு ஆள் இறங்கி வந்தான். ரத்தம் கிடையாது. பழைய போர்வையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவள் மெஷினை நிறுத்தாமலே "எதைக் கிழிச்ச?" என்று கேட்டாள். பதில் புருஷனின் குரலில்தான் வந்தது, ஆனால் அவன் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து வரவில்லை. திரும்பிப் பார்த்தால் சுவரோரம் ஒருவன் நின்றுகொண்டிருந்தான், பார்த்த கண்ணை எடுக்க முடியாத அழகு. புருஷன் அந்தண்டை முக்காலியில் எப்போதும் போல உட்கார்ந்திருந்தான், கொம்பும் ரோமமுமாக. முதுகு தானாகவே மூடிக்கொண்டிருந்தது.

புருஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூட்டு ரிப்பேர் செய்கிறவன். மீசை முளைக்கிற வயதில் ஒருநாள் காலையில் எழுந்தபோது அப்படி ஆகியிருந்தான்: எருமைத் தோள், உடம்பு முழுக்கப் பழுப்பு ரோமம், நெற்றியில் இரண்டு கொம்பு, அதில் ஒன்று உள்பக்கம் வளைந்தது. யாரோ சாபம் கொடுத்தார்கள் என்றார்கள், தின்னக்கூடாத எதையோ தின்றுவிட்டான் என்றார்கள், எங்கள் தெருவில் வாய்க்கு என்ன பஞ்சம்? எனக்கு எதிலும் நம்பிக்கையில்லை. எழுந்தான், அப்படி இருந்தான். கொஞ்ச நாள் குழந்தைகள் அலறின, அப்புறம் அவன் முதுகில் ஏறி விளையாடின. நகத்தை விட்டு ஒரு திருகு திருகினால் எந்தப் பூட்டும் திறந்துகொள்ளும் என்பதால் தொழிலுக்குக் குறைவில்லை. தையல்காரி அவனைக் கட்டிக்கொண்டபோது அவளுடைய அண்ணன் அவள் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான், பிறகு பீரோ சாவியைத் தொலைத்துவிட்டு அவனே வந்து வாசலில் நின்றான். அவர்கள் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். அவள் மெஷின் மிதிப்பாள், அவன் எதிரே முக்காலியில் பூட்டைக் குடைவான், இரண்டு பேரும் நாள் முழுக்க ஏதாவது வம்பளந்துகொண்டிருப்பார்கள். அவள் அந்த வார்த்தையைச் சொன்னதும் அப்படியொரு வம்புக்கு நடுவில்தான், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

குரலும் ஞாபகமும் வெளியே வந்தவனோடு போய்விட்டன. உட்கார்ந்திருந்ததற்குப் பேச்சில்லை, பூட்டு வேலையும் மறந்துவிட்டது. ஆனால் அவள் மேல் இருந்த ஆசை மட்டும் அதனிடமே தங்கிவிட்டது. அவள் எழுந்தால் அதுவும் எழுந்தது, அவள் அடுப்படிக்குப் போனால் வாசற்படியில் போய் உட்கார்ந்தது. வந்தவனுக்கும் அதே ஆசை இருந்தது, ஒரு பொட்டுகூடக் குறையாமல். எங்கள் தெரு ரொம்ப யோசிக்கவில்லை. அதற்குப் பழசு என்றும் இவனுக்குப் புதுசு என்றும் பேர் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

புருஷனின் அக்கா வெளியூரிலிருந்து ஓடி வந்தாள். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "இப்பத்தான்டா நம்ம குடும்பத்து மூக்கு வெளிய தெரியுது" என்று அழுதாள். பிறகு தையல்காரியிடம், "இனிமே உனக்கென்ன குறைச்சல்?" என்றாள். அவள், "குறைச்சல் இல்ல அண்ணி. இவருக்கு எந்தத் தட்டுல சாப்பாடு போடறதுன்னுதான் தெரியல" என்றாள். பழைய தட்டைப் பழசு ஏற்கெனவே மடியில் வைத்துக்கொண்டிருந்தது. விருந்தாளிக்கு எடுக்கிற பீங்கான் தட்டை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்துப் புதுசுக்குப் போட்டாள். அதில் அவன் சாப்பிட்ட அன்றைக்கே அவனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அவனுக்கு மற்றபடி எல்லாம் கூடித்தான் வந்தது. கெடாத பூட்டெல்லாம் அந்த வருஷம் கெட்டுப்போனது. பெண்கள் கைப்பெட்டிப் பூட்டையும் சைக்கிள் பூட்டையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவன் ஒருத்தியையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் பார்வை முழுக்க அறையின் அந்தப் பக்கம், தன் பெண்டாட்டி பழசின் கழுத்து ரோமத்தில் ஒட்டிய நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிற இடத்தில் இருந்தது. பழசிடம் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். எந்த ஜாக்கெட்டுக்கு எவள் என்ன குறை சொன்னாள், எவன் துணியைக் கொடுத்துவிட்டு அளவு கொடுக்காமல் போனான், எல்லாக் கதையும் அதற்குத்தான். இவன் பக்கம் திரும்பினால் வாங்க, சாப்பிடறீங்களா, விளக்கைப் போடட்டுமா. அவன் எதையாவது சொல்லிச் சிரித்தால் அவளும் மரியாதைக்குச் சிரித்தாள். அவனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள், ஒவ்வொன்றும் இரண்டு பேர் நுழைகிற அகலம். அவள் புருஷனுக்கு ஒருநாளும் டேப் வைத்து அளவெடுத்தவள் இல்லை, கட்டிப் பிடித்த கைக்குத் தெரிந்த அளவில் வெட்டுவாள், அந்தக் கைக்குப் பழசின் அளவுதான் தெரியும். அந்தத் தொளதொளச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் தெருவில் நடந்தபோது நாங்கள் சிரித்தோம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பொறாமையில் அவன் என்னென்னவோ செய்து பார்த்தான். தாடி வளர்த்தான், அது இன்னும் அழகைக் கூட்டியது. முக்காலியில் பழசு உட்காருவதற்கு முன் ஓடிப்போய் உட்கார்ந்தான், பழசு வந்து அவன் மடியிலேயே உட்கார்ந்தது. பழசு மாதிரி உறுமிக் காட்டினான், அவள் தண்ணீர் கொண்டுவந்து, "தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டாள். கடைசியில் ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டான். "அதுவும் நான்தானே? உள்ள இருந்தவன் நான், பேசினவன் நான், உன்னைக் கட்டிக்கிட்டவன் நான். என்னை மட்டும் ஏன் அந்நியனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிற?" அவள் மெஷினை நிறுத்திவிட்டு உண்மையாகவே யோசித்தாள். "கண்ணை மூடிக்கிட்டா நீங்கதான். தொறந்தா யாரோ பெரிய இடத்து ஆளு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. அந்த மூஞ்சியத் தாண்டி உள்ள வர எனக்குத் தெரியல. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். அவள் அழுதாள், அதில் பொய்யில்லை. அவளுக்கும் அது சுலபமான காலம் இல்லை. ஒருத்தனைக் கட்டிக்கொண்டு இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அன்றிலிருந்துதான் பூட்டுகள் பிடிக்க ஆரம்பித்தன. அவனுக்குப் பொறாமை ஏறுகிற நேரமெல்லாம் தெருவிலிருந்த எல்லாப் பூட்டும் இறுகிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் உள்ளேயும் வெளியே போனவர்கள் வெளியேயும் மாட்டிக்கொண்டார்கள். மருந்துக் கடைக்காரர் தன் கடைக்குள்ளேயே ஒரு பகல் முழுக்கக் கிடந்தார். அவள் பழசுக்குத் தலை சீவிவிட உட்கார்ந்தாள் என்று செய்தி வந்தால் நாங்கள் அவசரமாகக் கதவுகளைத் திறந்து வைத்துக்கொள்வோம். அவனே வந்து ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுப் போவான், தலை நிமிர மாட்டான், கூலி வாங்க மாட்டான். பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரியவர்களாகச் சேர்ந்து தையல்காரியிடம் போய், அவரையும் கொஞ்சம் கவனியம்மா, எங்களால் குளிக்கக்கூட நிம்மதியாகக் கதவைச் சாத்த முடியவில்லை என்றோம். அவள், "வர்றது தானா வரணும், உங்க பூட்டுக்காக வருமா?" என்றாள். நியாயம்தான், திரும்பி வந்துவிட்டோம்.

ஒரு காலையில் அவன் பழசைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான். கடைசி ஸ்டாப்பில் இறக்கி, ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, கையில் ரொட்டி கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிட்டான். தானாகவே எங்கோ போய்விட்டது என்று பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள், கடையைச் சாத்தினாள். அவர்கள் பஸ் ஏறியதைப் பார்த்தவர்களை விசாரித்து, போய்ப் பழசைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ரொட்டியைத் தின்னாமல் அவளுக்காக வைத்திருந்ததாம். அவள் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். திட்டுகிற அளவுக்குக்கூடத் தான் அவளுக்கு நெருக்கமில்லை என்று அவன் மருந்துக் கடை வாசலில் உட்கார்ந்து புலம்பியதை நானே கேட்டேன். அவன் கண் சிவந்து, மூக்கு சிவந்து, அப்போதும் அழகாக இருந்தான், பாவி.

இப்படியே வருஷங்கள் போயின. பழசுக்குக் காது நரைத்தது. புதுசுக்கு ஒரு முடி நரைக்கவில்லை. அப்புறம் பழசுக்குப் பல்வலி வந்தது. தாடை வீங்கி, சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தது. பல் டாக்டர் வாசலோடு திரும்பிவிட்டார். தையல்காரி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு செய்வதறியாமல் இருந்தாள். புதுசு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன ஆசை இருந்திருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். செத்துத் தொலையட்டும் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால்கூட யாரும் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டோம். அவன் போய்ப் பூட்டு வேலைக் குறடு ஒன்றைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். "தள்ளு. அந்தப் பல் எனக்குத் தெரியும். மேல இடது பக்கம், கடைசிக்கு முந்தினது. கல்யாணத்தன்னிக்கே வலிச்சுது, உங்கிட்ட சொல்லல" என்றான்.

முழங்கை வரைக்கும் அதன் வாய்க்குள் கையை விட்டான். விட்டுக்கொண்டே திட்டினான் பாருங்கள், அப்படியொரு திட்டை எங்கள் தெரு கேட்டதில்லை. "சனியனே, என் பெண்டாட்டி மடியில படுத்துக்கிட்டு எனக்கே வாயத் தொறக்க மாட்டியா? என் முக்காலி, என் தட்டு, என் பொழப்பு எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட, இந்தப் பல்லை மட்டுமாவது எனக்குக் குடு. அசையாத, வலிக்கும். எனக்குத் தெரியும்டா எப்படி வலிக்கும்னு." எச்சில் வழிந்து சட்டை முழுக்க ஊறியது. மூக்கு ஒழுகியது. பழசு வலி தாங்காமல் அவன் தோளைக் கடித்தது, அவன் திட்டிக்கொண்டே விடாமல் பிடித்து இழுத்துப் பல்லைப் பிடுங்கினான். பிறகு பழசின் தாடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல் போனது தனக்குத்தான் என்பதுபோலத் தேம்பித் தேம்பி அழுதான்.

தையல்காரி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முதலில் சிரித்தாள், அவள் வம்பளக்கும்போது சிரிக்கிற பழைய சிரிப்பு. முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். "நீ ஒரு பைத்தியம். உன்னைத் தவிர எனக்கு யாரு இருக்கா?" என்றாள்.

போர்வை கிழிகிற அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. அழகன் பழசின் தாடையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான், பேச்சில்லை. அவன் முதுகிலிருந்து இறங்கி வந்து நின்றவன் தலையில் பாதி முடி இல்லை, தொப்பை இருந்தது, ஒரு கண் கொஞ்சம் ஓரமாகப் பார்த்தது. எந்தத் தெருவிலும் பார்க்கக்கூடிய ஆள். அவன் தன் கையைப் பார்த்தான், உட்கார்ந்திருக்கிற அழகனைப் பார்த்தான், தன் பெண்டாட்டியைப் பார்த்தான். அழகனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை வருஷம் ஏங்கி, ஒரே ஒரு மூச்சு நேரம் அவளை அடைந்து, அந்த மூச்சிலேயே அவளை இன்னொருவனிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். பழசு அவனுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொண்டது.

தெரு இவனுக்கு மிச்சம் என்று பேர் வைத்தது. அவளுக்கு அவனோடு ஒரு தயக்கமும் இல்லை, முதல் நாளே வெங்காயம் வாங்காமல் வந்ததற்காகத் திட்டினாள். அழகன் கடை வாசலில் நின்றான், தைத்த சட்டைகளை அவன் மேல் போட்டுக் காட்டினாள், வியாபாரம் நன்றாக நடந்தது. பழசு நன்றாகச் சாப்பிட்டது. பூட்டு ரிப்பேர் பழையபடி நடந்தது. ஆனால் மிச்சம் முட்டாள் இல்லை. அவள் சொன்ன வார்த்தையையும் இந்த இரண்டு பேரையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டான். ஒரு சாயங்காலம் அவள் மெஷினை நிறுத்திவிட்டு அவனை ஒரு மாதிரி பார்த்தபோது அவன் எழுந்து ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினான். "சொல்லிடாத" என்றான். "எனக்குள்ள இன்னும் எத்தனை பேர் இருக்கானோ தெரியாது. அடுத்து வர்றவன் எப்படிப்பட்டவனோ, என் குரல்ல பேசுவான், உன் பக்கத்துல உட்காருவான், நான் அவங்களோட உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கணும். நான் மாட்டேன். நீ மனசுல வச்சுக்கோ. வாயால சொல்லாத."

அவள் அவன் கையை விலக்காமலே சம்மதமாகத் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தால் ராப்பகலாகப் பக்கத்தில் இருக்கிறாள், காலை அமுக்கிவிடுகிறாள், திட்டுகிறாள், சண்டை போடுகிறாள், எல்லாம் செய்கிறாள், அதை மட்டும் சொல்வதில்லை. சில நாள் வாய்வரைக்கும் வந்துவிடும், முகத்திலேயே தெரியும். அப்போது தெருவில் யார் அந்தப் பக்கம் போனாலும் கொஞ்சம் இருமிவிட்டுப் போவோம். அவள் வேறு பேச்சுக்கு மாறிவிடுவாள். அவன் நிமிர்ந்து பார்க்காமல் பூட்டைக் குடைந்துகொண்டிருப்பான், அவள் சொல்லவில்லை என்கிற நிம்மதியோடு, அவள் சொல்லமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டு.