பேச்சாளருக்கு வந்த பேச்சுக்கால்

கீதனுக்குக் கனடாவின் மல்வேர்னிலிருந்து ஒரு கலியாணப் பேச்சுக்கால் வந்தது. அவன் அப்போது பிரசல்ஸில் நேட்டோவின் துணைப் பேச்சாளர். ஸ்காபரோவில் படித்து, ஒட்டாவாவில் அமைச்சருக்கு அறிக்கை எழுதி, மெல்ல மெல்ல அந்த மேடைக்குப் போனவன். அப்போதிருந்த பதினாறு உறுப்பு நாடுகளும் சம்மதித்ததை மட்டும் சொல்வதுதான் தொழில். ஒருவருக்கும் நோகாத பதில் எப்போதும் அவன் நாவில் இருக்கும்.

1998 கோடை லீவில் மல்வேர்னுக்குப் பெண் பார்க்கப் போனான். பெண் கௌசியின் அப்பா சண்முகலிங்கம் முதல் கேள்வியையே பொஸ்னியாவிலிருந்து தொடங்கினார்.

"உங்கட நேட்டோ ஆமி அங்கை எவ்வளவு காலம் நிக்கும் தம்பி?"

"தேவையான காலம் வரைக்கும் அங்கிள். அதுக்கு மேலை ஒரு நாளும் நிக்காது."

"பாத்தீரோ மங்கை, என்ன தெளிவு!" என்றார் மனைவியிடம்.

தேத்தண்ணியும் வடையும் வைத்த தட்டோடு வந்த கௌசி சிரித்துவிட்டாள். "அப்பா, அவர் ஒண்டுமே சொல்லேல்லை."

அந்தச் சிரிப்பில் கீதன் அடுத்த வசனத்தை மறந்தான்.

"வடை எப்பிடித் தம்பி?" என்றார் கௌசியின் அம்மா மங்கையற்கரசி.

"எல்லாத் தரப்பிலையும் நல்ல வரவேற்பு, அன்ரி."

பிறகு இருவரையும் பின்வளவில் தனியே பேச விட்டார்கள். தக்காளிச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்று கௌசி நேராகவே கேட்டாள்.

"என்னைப் பிடிச்சிருக்கோ?"

"எங்கட வீட்டிலை எல்லாருக்கும் பூரண திருப்தி."

"நான் உங்கட வீட்டாரைக் கட்டப்போறேல்லை. தெரியாத ஊருக்கு உங்களை நம்பித்தான் வரோணும். உங்கட மனசிலை என்ன இருக்கெண்டு நான் ரீவியிலை பாத்தே அறியுறது? சொந்தமா ஒண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி உள்ளை போய் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவன்."

நிருபர் கூட்டத்துக்கு முன்னால் வியர்க்காதவனுக்கு இப்போது சட்டை முதுகோடு ஒட்டியது. உள்ளே போகிறவள் திரும்பி வரமாட்டாள் என்று தெரிந்தது. வாயில் முதலில் வந்ததைச் சொன்னான்.

"வடையிலை... உப்புக் கூடிப்போச்சு."

"அது நான் சுட்டது."

"ஐயோ! அதை நான் வாபஸ்..."

"வாபஸ் வாங்கக் கூடாது! மிச்சத்தையும் சொல்லுங்கோ."

"நீங்கள் சிரிச்ச உடனையே பிடிச்சுப்போச்சு. ஏனெண்டு கேட்டால் எனக்கு விளக்கம் சொல்லத் தெரியாது. வேண்டாம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ கௌசி."

அவள் முகம் தக்காளியைப்போலச் சிவந்தது.

உள்ளே போனதும் அம்மா கீதனைத்தான் ஆவலோடு பார்த்தார். அவன் வாய் திறக்குமுன் கௌசி முந்திக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும் சம்மதம் அம்மா. ஆனால் வடை உப்புக் கூடவாம்."

சண்முகலிங்கம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "ஓம் பிள்ளை, நானும் அப்பவே சொல்ல நினைச்சனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?" என்றார் மங்கையற்கரசி.

"வீட்டிலை நீர் சம்மதிச்சதை மட்டும் சொல்லுறதுதானே என்ரை தொழில்!"