நாலு மார்க் சூப்

பிஸ்கட் ஆலையில் ருசி பார்ப்பது என் உத்தியோகம். மதியத்துக்குள் முப்பது பிஸ்கட்டைக் கடித்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். சம்பளத்தோடு சர்க்கரை வியாதியும் கிடைத்தது.

தொழில் புத்தி வீடு வரை வரும். பதினெட்டு வருஷமாக மனைவியின் சமையலுக்கும் மார்க் போட்டேன். ஆறைத் தாண்டியதில்லை. அவள் என்னை வீட்டுக்குள் விட்டதே பெரிய மனசு.

போன வருஷம் என் நாக்கு செத்துப்போனது. முதலில் உப்பு போனது, பிறகு இனிப்பு. கடைசியில் பிஸ்கட்டும் அட்டைப்பெட்டியும் ஒன்றாகிவிட்டன. வெளியே சொன்னால் வேலை போய்விடும். ஆலையில் பக்கத்து மேஜைக்காரர் முகம் சுளிக்கும் அளவைப் பார்த்து மார்க் போட்டுச் சமாளித்தேன். வீட்டில் பார்த்து எழுத ஆளில்லை. எதற்கு வம்பு என்று எல்லாவற்றுக்கும் பத்து.

மூன்றாவது பத்தில் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். பாராட்டில் உருகிவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் காதைப் பிடிக்காத குறையாக டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

“இவர் எனக்குப் பத்து மார்க் போடறார் டாக்டர். ஏதோ பெரிய வியாதி.”

டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். கழுவிவிட்ட தரை மாதிரி வழவழவென்று சிவந்திருந்ததாம். ரத்தப் பரிசோதனையில் பி12 விட்டமின் அடிமட்டத்தில் கிடந்தது. நான் வருஷக்கணக்காக விழுங்கும் சர்க்கரை மாத்திரை அதை உடம்பில் சரியாகச் சேரவிடாது என்றார். ரத்த அணு உருவாகவும் நரம்பு ஒழுங்காக வேலை செய்யவும் அது வேண்டுமாம். கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார். ஒரு செருப்பு கழன்றது தெரியாமல் பஸ் நிறுத்தத்திலிருந்து ஆலை வரை நடந்ததை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். இன்னும் விட்டால் நரம்பு சரியாகாமலே போகலாம் என்றதும் மனைவி முகம் வெளுத்தது.

ஊசிகள் ஆரம்பமாயின. சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் காய்கறி சூப் வைத்தாள். ஒரு வாய் குடித்தேன். கடலே உள்ளே வந்தது. செத்த நாக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டது.

கூத்தாடியிருக்க வேண்டும். ஆனால் எதிரே அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இத்தனை வருஷமாகப் போட்ட ஆறும் ஐந்தும் வரிசை கட்டி வந்து என்னை முறைத்தன. மனம் இளகிவிட்டது.

“பத்து,” என்றேன்.

பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். “ஊசி வேலை செய்யுதான்னு பாக்கத்தாங்க மூணு கரண்டி உப்பு போட்டேன்.”

பதறிப்போனேன். “ஐயோ, தெரியுதும்மா. வாயில வைக்க முடியல. உன்ன சந்தோஷப்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன்.”

“அப்ப நிஜ மார்க் என்ன?”

“நாலு. அதுவும் காய் நல்லா வெந்திருக்கேன்னு போட்டது.”

பதினெட்டு வருஷத்தில் நான் போட்ட எந்த மார்க்குக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. சூப்பை அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள்.

“போய் முட்டை வாங்கிட்டு வாங்க, பொரிச்சுத் தர்றேன். அதுல அந்த விட்டமின் இருக்காம். மார்க் மட்டும் பாத்துப் போடுங்க.”

இரண்டு காலிலும் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.