சிஸுருவின் வெள்ளைக் கார்

ஜப்பானின் கும்மா மலையடிவாரத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் சிஸுரு, தன் பழைய வெள்ளைக் காரை எட்டு வருஷம் இழைத்து இழைத்துச் செய்தவள். அதன் சாவியை லேசில் யாருக்கும் தரமாட்டாள். அந்த ஞாயிறு விடிகாலை தம்பி தட்சுநோரி கெஞ்சிக் கூத்தாடி வாங்கிப் போனான், வேய்டு என்ற அமெரிக்கனோடு மலையிறங்கும் பந்தயத்துக்கு.

மலையுச்சியில் வேய்டு பாதி ஜப்பானிய மொழியிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னான்: "டெக்ஸாஸ்ல எங்களுக்கு நேர் ரோடு, ஒரே ஓட்டம். தோத்தவன் கார் சாவியக் கொடுத்துடணும். சரியா?"

"ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினான் தட்சுநோரி. பாதிக்கு மேல் புரியவில்லை. எதிராளி பேசி முடிக்கும்வரை தலையாட்டுவது அந்த ஊர் மரியாதை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. அந்த அமெரிக்கன் அதைக் கண்டானா!

வேய்டு முன்னால் போனான். முன்னால் போகிறவனால் பின்னால் வருகிறவனை உதற முடியாவிட்டால், இடம் மாற்றி இன்னொரு தடவை ஓட்டவேண்டும். அந்த மலையில் அதுதான் முறை. ஒரு வளைவில்கூட வெள்ளைக் கார் அவன் வாலை விடவில்லை. அடிவாரத்தில் தட்சுநோரி பல்லெல்லாம் தெரிய இறங்கினான்.

"பிரமாதங்க! வாங்க, இப்ப நான் முன்னாடி."

வேய்டு கையை நீட்டினான். "சாவி."

"என்ன சாவி?"

"கார் சாவி தம்பி. முதல்ல வந்தது நான்தானே? மேல கேட்டேன், பூம்பூம் மாடு மாதிரி ஆட்டினியே!"

தட்சுநோரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. டப்பாக் காப்பியோடு காத்திருந்த சிஸுருவுக்குக் காதில் விழுந்ததை நம்பவே முடியவில்லை.

"காரையே பணயம் வைப்பாங்களா? அப்புறம் வீட்டுக்கு எதுல போறது?"

"நடந்துதான்" என்றான் வேய்டு. "உங்க ஊர்ல ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

"ஜெயிச்சது கிடைக்கும்."

"அவ்வளவுதானா?" அவனாலும் நம்ப முடியவில்லை.

தட்சுநோரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "இன்னொரு ஓட்டம் பாக்கி இருக்குன்னு சொல்லுக்கா!"

"நீ தலையாட்டினியா, இல்லையா?"

"அது சும்மா... கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்க்கா."

"அது அவருக்கு எப்படிடா தெரியும்?"

சிஸுரு தம்பியிடமிருந்து சாவியை வாங்கி, இரண்டு கைகளாலும் வேய்டிடம் கொடுத்தாள். பாவி அக்கா, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கக்கூடாதா?

"குளிர்ல கொஞ்சம் சூடாக விட்டு எடுங்க. ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், அதட்டாதீங்க" என்றாள்.

வேய்டு தன் காரைப் பூட்டிவிட்டு வெள்ளைக் காரில் ஏறினான். அவனுடைய அமெரிக்கக் காரில் கியர் வலக்கைப் பக்கம், இடக்கையால் மாற்றிப் பழக்கமில்லை; கார் குலுங்கி நின்றது. மறுபடியும் நின்றது. சிஸுரு ஓடிப்போய் ஜன்னலுக்குள் கைவிட்டு, அவன் கைமேல் தன் கையை வைத்து கியரைத் தள்ளிக் காட்டினாள்.

"மெதுவா. பயப்படாதீங்க, நல்ல வண்டி."

அக்கா கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தட்சுநோரி தெருவென்றும் பாராமல் உட்கார்ந்து அழுதான்.